பதினொன்றாம் விதி

ஜூன் 3, திங்கள்

இன்றிலிருந்து சைட் டைரியை நான் எழுத வேண்டுமாம். முப்பது வருடத்துக்கு மேலாக, எந்த சைட்டானாலும், இன்ஜினீயரான என் கணவர்தான் எழுதிவந்தார். காலையில் நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "இனிமே நீயே எழுதீரு அம்மிணி. எங் கையெழுத்து எனக்கே புரிய மாட்டேங்குது" என்று சிரித்தார். கண்ணாடி மாற்றி வெகு நாளாகிவிட்டது. கண் டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும்.

சரி. வேம்படி முதியோர் குடியிருப்பு, கிணத்துக்கடவு. இரண்டாம் கட்டடம். தரைத்தளத்துக்கு கான்கிரீட் போட்டாயிற்று. முதல் தளச் சுவர் இடுப்பளவு வந்திருக்கிறது. கொத்தனார் ஏழு பேர், சித்தாள் ஒன்பது பேர். மழை இல்லை.

எழுதி முடித்தும் பாதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. அவருடைய டைரியில் சிமென்டும் கம்பியும் தவிர வேறொன்றும் இருக்காது. நான் அப்படி எழுதுவேன் என்று தோன்றவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

வீடு பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். ரிட்டயரான தபால்காரர். எல்லோருக்கும் சொல்வதையே அவர்களுக்கும் சொன்னேன். முதலில் நான் கோயம்புத்தூரில் ஒரு பெரிய பில்டரிடம் வேலை பார்த்தது, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வயதானவர்களுக்கு நீச்சல் குளம் வைத்த வில்லா விற்றது, ஒரு நாள் பஸ் பிடித்து வந்த ஒரு ஆலைத் தொழிலாளியும் மனைவியும் விலையைக் கேட்டுவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனது. அன்று வீட்டுக்கு வந்து என் கணவர் நாச்சிமுத்துவிடம் சொன்னபோது அவர், "அவங்களுக்கும் கட்டலாமே. சின்னதாக் கட்டுனா ஆச்சு" என்றார். ஒன்பது வருடத்துக்கு முன்பு இங்கே அறுபத்து நான்கு சின்ன வீடுகள் எழும்பியது அப்படித்தான்.

அவர்களை இவர்தான் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உடம்பு கதவை அடைத்துக்கொள்ளும். வெளியே இழுத்தால்தான் திறந்து தூக்க முடியும். எங்கும் வாசற்படி கிடையாது. சுவிட்சுகள் தோளுக்கு மேலே போகாது. இதையெல்லாம் அவர் சொல்லிக் கேட்க வேண்டும். வீட்டை இல்லை, தன் பிள்ளையைக் காட்டுவது போலச் சொல்வார். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

கிளம்பும்போது தபால்காரரின் மனைவி கேட்டார்: "கடைசிவரைக்கும் இங்கயே இருந்துக்கலாமுங்களா?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான். பதினொன்றாம் விதியைப் படித்துக் காட்டினேன். தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் வரை இருக்கலாம். படுக்கையில் விழுந்தாலோ, நினைவு தவறினாலோ, குடும்பத்தார் அழைத்துப்போக வேண்டும். இரவும் பகலும் ஆள் வைத்துப் பார்ப்பதென்றால் மாதக் கட்டணம் இரண்டு மடங்காகிவிடும். அப்புறம் பென்ஷன்காரர்கள் யாரும் இங்கே இருக்க முடியாது. அந்த விதியை எழுதியது நான். அது இருப்பதால்தான் வேம்படி இருக்கிறது.

டைல்ஸ் வந்து இறங்கியது. போன வாரமும் இதே டைல்ஸ் இறங்கியது. கடைக்காரர் இரண்டு தடவை அனுப்பிவிட்டார் போல. இவர் "நான் ஒரு வாட்டிதான் சொன்னேன்" என்கிறார்.

ஜூன் 28, வெள்ளி

பதினேழாம் எண் வீட்டில் காஸ் திறந்தே கிடந்ததாம். பக்கத்து வீட்டார் வாடை பிடித்து ஓடியிருக்கிறார்கள். அந்த வீட்டில் இருப்பவர் மாசிலாமணி, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மனைவி தெய்வானை. "நாந்தானுங்க மறந்துபோட்டேன், டீ வெக்கப் போயி" என்று மாசிலாமணி மன்னிப்புக் கேட்டார்.

மேனேஜர் ரெஜினா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "மேடம், நான் அந்தம்மாகிட்ட என்ன கேட்டாலும் அவருதான் பதில் சொல்றாரு. சாப்டீங்களான்னு கேட்டாக்கூட."

சில வீடுகளில் ஆண்கள் அப்படித்தான் என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

தெய்வானையம்மா மத்தியானம் பொள்ளாச்சி ரோட்டில் பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறார். வாழைக்காய் லாரி டிரைவர் ஒருவர் விசாரித்து ஏற்றிக்கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டார். கையில் ஒரு பை. உள்ளே நான்கு தலையணை உறைகள், வேறொன்றும் இல்லை. தாராபுரம் போக வேண்டும், அம்மா காத்துக்கொண்டிருப்பாள் என்றார். அவருக்கு வயது எழுபத்து மூன்று.

மாசிலாமணி ஓடிவந்தார். காலில் செருப்பு இல்லை. "துணி மாத்தப் போனா, அதுக்குள்ள..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திவிட்டார்.

ரெஜினா விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகவே இப்படியாம். அவரே சமைத்து, அவரே தலை வாரிப் பூ வைத்து, பொது ஹாலுக்கு அழைத்துவந்து உட்காரவைப்பாராம். வணக்கம் சொன்னால் அந்தம்மா வணக்கம் சொல்வார். அது போதுமாக இருந்திருக்கிறது, எங்களை ஏமாற்ற.

ஜூலை 10, புதன்

குடியிருப்போர் ஒன்பது பேர் ஆபீஸுக்கு வந்தார்கள். காஸ் விஷயத்தில் எல்லோரும் பயந்திருக்கிறார்கள். பயப்படுவதில் தவறில்லை.

மாசிலாமணியைக் கூப்பிட்டு, அந்தம்மாவை இனி இங்கே வைத்திருக்க முடியாது என்று சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வருசம் யாருக்கும் தெரியாமப் பாத்துக்கிட்டனுங்களே. இன்னும் பாத்துக்கறனுங்க."

"ரோட்டுல லாரி அடிச்சிருந்தா யாருங்க பொறுப்பு?"

"அடுப்ப எடுத்தர்றனுங்க. மெஸ்ஸுலயே சாப்ட்டுக்கறோம். கதவப் பூட்டிக்கறேன்."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க. உங்க பையனுக்கு லெட்டர் போட்டாச்சு."

"இந்த விதிய எழுதுனது யாருங்க?"

"நான்தான்."

தலையசைத்துவிட்டு எழுந்து போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். "அந்தம்மாள அனுப்பித்தான் ஆகோணுமா?" என்றார். காரணத்தை விளக்கினேன். விதியைப் பற்றி நாங்கள் இருவரும் பேசித்தான் முடிவெடுத்தோம் என்று நினைவுபடுத்தினேன். "எல்லாருக்குமா அம்மிணி அது?" என்று மறுபடி கேட்டார். எல்லாருக்கும்தான் என்றேன். பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவருக்கு இளகிய மனசு.

ஜூலை 16, செவ்வாய்

அவர் சைட்டிலிருந்து வீட்டுக்கு வர மூன்று மணி நேரம் ஆனது. பொள்ளாச்சி ரோட்டில் பாலம் வேலை நடக்கிறதாம், சுற்றிக்கொண்டு வந்தாராம்.

ஜூலை 17, புதன்

அந்த வழியாகத்தான் இன்று போனேன். பாலம் வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது.

ஜூலை 24, புதன்

மாசிலாமணியின் மகன் பிரகலாதன் ஓசூரிலிருந்து காரில் வந்தார். மரியாதையான பையன். மூன்றாம் மாடியில் சின்ன வீடு, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அம்மாவை அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப் போகிறார்; அங்கே பெண்களை மட்டும்தான் எடுப்பார்கள். அப்பா அவர்களோடு வீட்டில் இருப்பார். நாற்பத்தொன்பது வருடம் சேர்ந்திருந்தவர்கள். அது அவர்கள் குடும்ப விஷயம்.

சாமான் ஏற்றிய பிறகு மாசிலாமணி ஆபீஸ் வாசலுக்கு வந்தார்.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாதுங்க."

"சொல்லுங்க."

"நம்ம இன்ஜினீரய்யா இந்த மாசத்துல எங்கிட்ட மூணு வாட்டி பேரு கேட்டாருங்க. மூணு வாட்டியும் புதுசாப் பாக்கற மாதிரி. பேரு மறக்கறது சகஜந்தான். ஆனா அந்தக் கண்ணு இருக்குது பாருங்க, அது எனக்குத் தெரியுமுங்க. ஒரு வருசம் பாத்தவன் நான்."

"அவருக்கு வேலை ஜாஸ்திங்க" என்றேன்.

"அப்பிடியே இருக்கட்டுமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். தெய்வானையம்மா காருக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினார், யாரென்று தெரியாமலே.

போகிற நேரத்தில் இப்படியா பேசுவார்கள்? எனக்கு எரிச்சலாக வந்தது. பதினேழாம் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மழை. வேலை இல்லை. அவர் நாள் முழுக்கத் தூங்கினார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

முதல் தளத்தில் குளியலறை நிலைகள் ஒன்பது மாட்டியாகிவிட்டது. ஒன்பதிலும் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது.

ஆசாரியைச் சத்தம் போட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். இவருடைய கையெழுத்து. அம்புக்குறி உள்பக்கமாகப் போட்டிருந்தது. "நாங்கூடக் கேட்டனுங்க மேடம், எப்பவும் வெளியதானே வெப்போம்னு. சொன்னதச் செய்யின்னு கோவிச்சுக்கிட்டாருங்க."

இவர் பக்கத்திலேயே நின்று அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் தள்ளினார், இழுத்தார், மறுபடியும் தள்ளினார். ஆசாரி கொஞ்சம் நகர்ந்ததும் என் காதருகே வந்து கேட்டார்: "எந்தப் பக்கம் தொறக்கோணும் அம்மிணி?"

நான் ஆசாரியைக் கூப்பிட்டு, "மாத்தச் சொன்னது நான்தாங்க. அவர்கிட்ட நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். கழட்டி வெளிப்பக்கமா வெச்சிருங்க" என்றேன்.

இவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வருமென்று தெரியாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாசிலாமணி ஞாபகம். "நாந்தானுங்க மறந்துபோட்டேன், டீ வெக்கப் போயி."

செப்டம்பர் 13, வெள்ளி

கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி. ஸ்கேன், ரத்தம், அப்புறம் ஒரு சின்ன அறையில் கேள்விகள். இது என்ன மாசம்? நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வாங்க. மூன்று வார்த்தை சொல்கிறேன், அப்புறம் கேட்பேன்.

கழித்தலில் அவர் தடுமாறவே இல்லை. கணக்கு அப்படியே இருக்கிறது. மாசம் தெரியவில்லை. மூன்று வார்த்தையில் ஒன்றுகூட வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார், பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்ப்பது போல. சொல்லிவிட வேண்டும்போல எனக்கு வாய் துடித்தது.

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. மூன்று வருடமாகவே இருந்திருக்கும் என்றார். "வீட்ல இருக்கிறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமே?" என்று கேட்டார். வேலை ஜாஸ்தி என்று நினைத்துவிட்டோம் என்றேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

புதிய இன்ஜினீயர் பொறுப்பேற்றார். இவருக்கு ஓய்வு என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் எனக்கும் முடியாமல் போனால் இவர் எங்கே இருப்பார்? அதை இப்போதே பார்த்துவைக்க வேண்டும் என்று இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஐந்து இடங்களுக்கு போன் செய்தேன். பெயரைச் சொல்லவில்லை. ஐந்து பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நெனவு நல்லா இருக்குதுங்களா?" இல்லை என்றதும் குரல் மாறிவிடுகிறது. கனிவாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் உடனே போனை வைக்கப் பார்க்கிறார்கள். ஒரு பெண் தங்கள் விதிமுறையைப் படித்துக் காட்டினாள். வரிக்கு வரி என்னுடையது மாதிரியே இருந்தது. நானும் இந்தக் குரலில்தான் படித்திருப்பேன்.

இந்த ஐந்தும் தவிர ஒரே ஒரு இடத்தில் எடுத்துக்கொள்வார்கள். நான் வில்லா விற்ற அந்தப் பழைய கம்பெனியில். அந்தக் கட்டணம் எங்களால் கட்ட முடியாது.

அக்டோபர் 5, சனி

பஸ் பிடித்து ஓசூர் போனேன். எதற்கென்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. பிரகலாதனின் மனைவி, மாமா பஸ் ஸ்டாண்டில் இருப்பார் என்றாள்.

பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார் மாசிலாமணி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வண்டிச் சத்தம் கேக்காம இருக்க முடியறதில்லீங்க, அதான் இங்க வந்தர்றது" என்றார். தெய்வானையம்மாவை விசாரித்தேன்.

"போயிட்டாளுங்க. பன்னண்டு நாளாச்சு."

பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததாம். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவரைப் பார்க்க விட்டிருக்கிறார்கள் அந்த இல்லத்தில்.

"கடசி ஞாயித்துக்கெழம போனப்ப, பையத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு ஜன்னலோரமா உக்காந்திருந்தா. என்னையப் பாத்து, 'கண்டக்டரே, தாராபுரம் வந்தாச் சொல்லுங்க, நான் தூங்கிப்போயிருவேன்'னா. சரீம்மா சொல்றேன்னேன். புருசன்னு தெரியாட்டியும் கண்டக்டர்னு தெரிஞ்சுதே. அதுவரைக்கும் சந்தோசமுங்க."

ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போனது.

"அன்னைக்கு நீங்க சொன்னது சரிதாங்க. எங்க வீட்டுக்காரருக்கு" என்றேன்.

"சரியா இருந்திருக்கக் கூடாதுங்களே" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "மறந்துட்டீங்களான்னு மட்டும் கேக்காதீங்க. அதக் கேட்டாத்தான் அவங்களுக்குப் பயம் வருது."

வேம்படிக்குத் திரும்பி வாருங்கள், பதினேழாம் வீடு இன்னும் காலிதான் என்றேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்பதே சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவளுக்கில்லாத எடம் எனக்கெதுக்குங்க?"

என் பஸ் கிளம்பும் வரை நின்று, கண்டக்டரிடம் எனக்கு ஜன்னலோர சீட் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

நவம்பர் 12, செவ்வாய்

பொது ஹாலில் எல்லோரையும் கூட்டினேன். இரண்டாம் கட்டடத்தின் தரைத்தளத்தில் விருந்தினர் அறைகள் கட்டுவதாக இருந்தது. அதற்குப் பதிலாக ஆறு வீடுகள், நினைவு தவறியவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் துணைக்கும். ஆள் இரண்டு பேர் மாற்றி மாற்றி இருப்பார்கள். காஸ் கிடையாது. ஒரு முற்றம், சுற்றிச் சுற்றி நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும் நடைபாதை. பதினொன்றாம் விதி நீக்கப்படும். ஆறே வீடு என்பதால் மாதக் கட்டணம் இரண்டு மடங்காகாது, ஆனால் எல்லோருக்கும் கொஞ்சம் ஏறும்.

செல்லம்மா டீச்சர் எழுந்தார். "மேடம், எங்களுக்கு வர்றது பென்ஷன். ஏத்தமாட்டோம்னு சொல்லித்தான எங்களச் சேத்துனீங்க?"

உண்மை. அப்படித்தான் சொன்னேன்.

"மாசிலாமணி சம்சாரத்த அனுப்பும்போது இதையெல்லாம் யோசிக்கலீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரென்று பார்க்கவில்லை.

"யோசிக்கலீங்க. அப்ப அது என் வீட்டுக்கு வரலை. இப்ப வந்திருச்சு" என்றேன்.

இவர் முன்வரிசையில் உட்கார்ந்து, யாருக்கோ பாராட்டு விழா நடப்பதைப் போல எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

ஒப்புக்கொள்கிறவர்கள் வீட்டுக்கு ஒருவராகக் கை தூக்கச் சொன்னேன். நாற்பத்தோரு கை.

டிசம்பர் 1, ஞாயிறு

மூன்று குடும்பங்கள் காலி செய்தன. கட்டணம் கட்டுப்படியாகாது என்றார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதைக் கட்டினோம். ஒருவரை உள்ளே கொண்டுவர இன்னொருவரை வெளியே அனுப்பாத கணக்கு ஒன்று எங்கேயாவது இருக்கும். எனக்கு அது தெரியவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

ஓசூருக்கு போன் செய்தேன். விதியை எடுத்துவிட்டோம் என்று சொன்னேன். "நல்லதுங்க. நல்ல காரியமுங்க" என்றார் மாசிலாமணி.

ஜனவரி 20, திங்கள்

அவர் இன்று என்னை "மேடம்" என்று கூப்பிட்டார். மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு இருக்கலாம்.

தரைத்தளத்தில் பெயின்ட் முடிந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

ஆறு வீடுகளில் முதல் வீட்டுக்கு நாங்கள் குடிவந்தோம். பால் காய்ச்சவில்லை, காஸ் இல்லை. மெஸ்ஸிலிருந்து ரெஜினா சுடச்சுடக் கொண்டுவந்தாள்.

சாமான் இறங்கும்போது அவர் கேட்டிலேயே நின்றுவிட்டார். உள்ளே வர மாட்டேன் என்கிறார். அவர் கட்டியதுதான் எல்லாம், சுற்றுச்சுவர் முதல். கையைப் பிடித்தேன். வியர்த்திருந்தது. ஆபீஸ் பக்கமாகக் கண்ணைக் காட்டி, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தப் பழைய குரல்.

"அம்மிணி, எனக்கு மறக்குது. அத இவங்ககிட்டச் சொல்லிராத. தெரிஞ்சா சேத்திக்க மாட்டாங்க."

எத்தனை நாளாக இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என்னோடு ஒரே வீட்டில் இருந்தாரோ.

"சொல்லமாட்டேனுங்க" என்றேன். இரண்டு பேரும் உள்ளே வந்தோம்.